ஒரே டப்பா நீலம்

உங்கள் பெயரில் ஒரு வண்டி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள்: அதன் அடியில் ஒரு தடவையாவது மல்லாந்து படுத்திருக்கிறீர்களா? காய்ந்த சேறு கண்ணில் உதிர, கன்னத்தில் எண்ணெய் சொட்ட, துருவேறிய போல்ட் ஒன்று உங்களைப் பார்த்துப் பல்லிளிக்க, அதோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். அடியில் படுக்கிறவர் ஒருவர், பேப்பரில் பெயர் உள்ளவர் இன்னொருவர் என்பது நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. செக்கிங் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

அன்றைக்கு அக்கா வண்டிக்கு அடியில்தான் இருந்தாள். பழைய போர்வையை மடித்து முதுகுக்குக் கொடுத்து, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, கால்கள் மட்டும் வெளியே தெரியக் கிடந்தாள். தரையில் கிடந்த போன் அடித்தது. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். தம்பிதான். வேறு ஊரில், லிப்ட் இல்லாமல் ஏற முடியாத மாடியில் குடியிருக்கிறவன்.

"அக்கா, வண்டி எப்ப ரெடியாகும்?"

"ஏன், எங்க போகப் போற?"

"போறதுக்கில்லக்கா. எங்க ஆபீஸ்ல பழைய கார் வச்சிருக்கவங்க எல்லாம் சேர்ந்து ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா வரிசையா நிறுத்திப் போட்டோ எடுத்துக்கறாங்க. நம்ம வண்டி மட்டும் போச்சுன்னு வை, எல்லாரும் வாயைப் பொளந்துடுவாங்க."

"நம்ம வண்டியா?"

"அப்பா வண்டிதானேக்கா. ரெடியானா சொல்லு, ஆள் விட்டு எடுத்துக்கறேன்."

அக்கா பல்லைக் கடித்தாள். "போல்ட்டு ஒண்ணு வரமாட்டேங்குது. அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த போல்ட் அப்போதே கழன்று வந்து அவள் நெஞ்சின் மேல் கிடந்தது. 

அக்காவின் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். முட்டை மாதிரி முதுகும், எதையோ கண்டு திகைத்தது போல விழித்திருக்கும் இரண்டு உருண்டை விளக்குகளும், முன்னால் ஒரே பெஞ்சாக நீளும் சீட்டும் கொண்ட வண்டி. வாரத்தில் பாதி நாள் அவர் அதன் மேல் இருப்பார், மீதி நாள் அதன் அடியில் இருப்பார். அடியில் இருக்கும்போதெல்லாம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தது அக்காதான். அவர் வாயைத் திறப்பதற்குள் சரியான ஸ்பானர் அவர் கையில் இருக்கும். தம்பி எட்டிப் பார்த்தால், "நீ போய்ப் படிடா, கையெல்லாம் கறையாகிடும்" என்பார். அக்காவுக்கும் பாடப் புத்தகம் இருந்தது. அவள் கையும் கை மாதிரிதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளைகளை ஒரு நாள் கை நீட்டி அடித்தவரில்லை. கெட்டவர் செய்கிற அநியாயம் பட்டென்று தெரிந்துவிடும், நாமும் சண்டைக்குப் போய்விடலாம். நல்லவர் செய்கிற அநியாயம் பாசத்தோடு கலந்து வரும், சண்டை போட முடியாது. உடம்பு தளர்ந்ததும் அவர் வண்டியின் பேப்பரைத் தம்பி பேருக்கு மாற்றினார். "பொம்பளை பேர்ல வண்டி இருந்தா நாளைக்கு ஒண்ணுன்னா ஆபீஸ் ஆபீஸா அலைய முடியாதும்மா" என்று அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னார். அதைச் சொன்ன இடம் அதே வண்டியின் பின் சீட். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தது அக்கா.

அவர் போன பிறகு வண்டி கிளம்பவில்லை. எதிர்வீட்டார், "முதலாளி போன கையோட வண்டியும் மூச்சை விட்டுடுச்சு பாருங்க, ராசியில்லாத வண்டி, வாசல்ல வச்சிருக்காதீங்க" என்றார்கள். ராசியில்லாதது என்று தெருவே முடிவு கட்டிய அந்த வண்டிக்கு உண்மையில் இல்லாமல் போனது பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் உள்ளங்கையளவு சவ்வு ஒன்று. அது கிழிந்திருந்தது. கழற்றிப் பார்க்க ஒரு ஸ்பானர் போதும். கழற்றிப் பார்ப்பதைவிட ராசி சொல்வது சுலபம் என்பதால் மனிதர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தம்பியும் அன்றைக்கு என்ன சொன்னான்? "இரும்புக் கடைக்குப் போட்டுடுக்கா, இடமாவது மிச்சமாகும்." அக்கா போடவில்லை. அவளுக்கு அப்போது வண்டியைப் பார்க்க நேரமும் இல்லை. சுவரோரத்து ஷெட்டில் சாக்குப் போர்த்தி நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் டேபிள் அவளுடையது. தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையும் அவள் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். தையல் விட்டிருந்தாலும், அழுக்குப் பட்டிருந்தாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவளுடைய பெரிய பலம் ஷேடு. உடம்புத் துணிக்கும் கைத் துணிக்கும் நிறம் ஒரு மயிரிழை மாறியிருந்தால் போதும், "ஷேடு அடிக்குது" என்று தூக்கிப் போட்டுவிடுவாள். கடைசியில் அதுதான் வினையாயிற்று. அவசரமாகப் போக வேண்டிய சரக்கில் பாதியை அவள் திருப்பி அனுப்ப, மேனேஜர் அவளுக்குக் கண் மங்கிவிட்டது என்று கண்டுபிடித்தார். ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கண் மங்கியவள் வாசலைத் தாண்டுவதற்குள் கடிகாரத்தில் எட்டு என்ற எண் சாய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி அவர் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் சாக்கை விலக்கினாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

எஞ்சினை அவளே பார்த்துக்கொண்டாள். அது இருமி, புகை கக்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கிய அன்றைக்குக் கம்பெனித் தோழி ஓவர்லாக் அங்கே இருந்தாள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள். அந்த மெஷின் மாதிரியே இடைவெளி விடாமல் பேசுவதால் பெயர் இரட்டிப்பாகப் பொருந்திவிட்டது. அவள் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். அது சுற்றிச் சுற்றித் தம்பியிடம் போயிற்று. இரும்புக் கடைக்குப் போக வேண்டிய வண்டி அன்று சாயங்காலமே "நம்ம வண்டி" ஆகிவிட்டது.

"ஏன்டி அனுப்பினே?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் சாமர்த்தியம் நாலு பேருக்குத் தெரியட்டும்னு அனுப்பினேன்க்கா. உன் தம்பிக்கும் தெரிஞ்சா என்ன, கூடப் பொறந்தவன்தானேன்னு நினைச்சேன். அவன் இப்படிப் பாயப்போட்டு உக்காருவான்னு கண்டேனா?"

விஷயம் தெரிந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். காலர் வந்தாள். சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கழுத்தை ஒரு நாளும் வளைக்காதவள், வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பாள். கட்டிங் மாஸ்டர் வந்தார். ஓய்வு பெற்றும் கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மனிதர். தான் என்கிற முழுத் துணிச் சுருளை அடுக்கடுக்காக விரித்து வெட்டியவர், வாழ்க்கையில் தான் வெட்டிய எதுவும் கோணிப் போனதில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

"முடிக்காதே" என்றாள் காலர். "பிரிச்சுப் போட்டே வை. எப்படி எடுத்துட்டுப் போறான்னு பாக்கலாம்."

"பிரிச்சுப் போட்ட வண்டியைக் காட்டி 'எனக்குக் குடு'ன்னு கேட்டா அது பிச்சை" என்றாள் அக்கா. "பெயின்ட் அடிச்சு, பூட்டி, நான் ஓட்டிக் காட்டணும். அப்புறம் அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்கணும், என் பேருக்கு மாத்துடான்னு. அப்பதான் அது கேள்வி."

அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். பேப்பரில் தன் பெயர்.

பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை மனுஷர் செய்கிற வேலையில்லை. கதவு, பானட், டிக்கி, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, தண்ணீரைத் தெளித்து உப்புத்தாளால் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம் வந்தது. கடைசியில் அடியில் அப்பா காலத்து நீலம் வந்தது, மழை கட்டிய வானம் மாதிரி. ஓவர்லாக்கின் விரல் ரேகை தேய்ந்து அவள் போனே அவளை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. பட்டி பூசினார்கள், காய்ந்ததும் அது வெடித்தது. மறுபடி சுரண்டி மறுபடி பூசினார்கள். பின் கதவின் கீல் ஒன்று உடைந்தது, அதைப் போன்ற இன்னொன்று எந்தக் கடையிலும் இல்லை. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அழுத்தம் சீரா இருக்கணும்மா, சீரா" என்றார்.

"மாஸ்டர், உங்க வாய்க்கு ஒரு உப்புத்தாள் குடுக்கட்டுமா?" என்றாள் ஓவர்லாக்.

"சொல்றவன் ஒருத்தன் வேணும்ல?"

"சொல்றவங்கதான் ஊர் முழுக்க இருக்காங்களே. தேய்க்கத்தான் ஆளில்ல."

பெயின்ட் அடிக்கும் கட்டம் வந்தபோது இடம் இடித்தது. ஷெட்டில் வண்டியின் கூடு நின்றாலே ஆள் நடக்க முடியாது. தெருப் புழுதி வேறு. அப்போதுதான் மாஸ்டர் எழுந்து நின்று இஞ்ச் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாம எப்படிச் சட்டை தைக்கிறோம்? ஒருத்தரேவா தைக்கிறோம்? வெட்டிப் பண்டல் கட்டிக் குடுத்தா, காலர் ஒரு வீட்டுல, கை ஒரு வீட்டுல, கடைசியில ஒண்ணா வந்து சேருது. காரும் அப்படித்தான். ஆளுக்கொரு பாகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பொறுமையா அடிங்க, காய வைங்க, கொண்டாந்து மாட்டுங்க."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எல்லோரும் பிறந்ததிலிருந்து செய்துவந்த வேலை முறை அது. ஒவ்வொரு பாகத்தின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் பண்டல் குறி போட்டார்கள். ஷேடு மாறக் கூடாது என்பதற்காக ஒரே டப்பாவாகப் பெரிய டப்பா வாங்கினார்கள். அதில் மாஸ்டருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "ஒரே தானில் வெட்டின சட்டையில ஷேடு வராது. ஒரே டப்பா, ஒரே ஷேடு."

கடைக்காரர் பழைய நீலத்தைப் பார்த்து நிறம் கலந்து, மெஷினில் வைத்துக் குலுக்கி, "உடனே அடிச்சிடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். வியாபாரி அவசரப்படுத்துகிறான் என்று மாஸ்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"தானைப் பிரிச்சதும் கத்திரி வைக்கிறவன் மடையன்மா. துணி ரெண்டு மூணு நாள் அசையாமக் கிடக்கணும். இழுப்பெல்லாம் தானா அடங்கும். அப்புறம் வெட்டினாத்தான் அளவு நிக்கும். பெயின்டும் கிடக்கட்டும்."

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. துணியோடு வாழ்ந்தவர்களுக்கு அது வேதம். டப்பா ஷெட்டின் மூலையில் அந்த வாரம் முழுக்க அசையாமல் கிடந்தது. ஒரு தடவை ஓவர்லாக்கின் கால் அதில் பட்டுவிட்டது. தூங்கும் குழந்தையை எழுப்பியது போல மாஸ்டர் அவளைத் திட்டினார்.

பங்கு பிரித்த நேரத்தில் அக்கா அங்கே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மாஸ்டர் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா உள்ளே போனாள்.

"அக்கா, வர ஞாயித்துக்கிழமை வரேன். லாரி ஒண்ணு சொல்லியிருக்கேன். என் ஃபிரண்டு ஒருத்தர், பழைய கார்ல கெட்டிக்காரர், அவரும் வரார்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"அதான் சொல்றேனே."

"சொல்றதும் கேக்கறதும் ஒண்ணா?"

"ஏன்க்கா எதுக்கெடுத்தாலும் எகிர்ற? உனக்கு வேணுங்கிறப்ப வந்து ஓட்டிப் பாத்துக்கோ. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

அவள் அடிமேல் அடியாகத் தட்டி நிமிர்த்திய வண்டியை அவளே போய் ஓட்டிப் பார்த்துக்கொள்ள அனுமதி! அக்கா "வா" என்று மட்டும் சொன்னாள். திரும்பி ஷெட்டுக்கு வந்தபோது பங்கு பிரித்தாகிவிட்டது. அளவுக் குவளையால் ஒரு சொட்டுக்கூடக் கூடாமல் குறையாமல் ஊற்றியிருந்தார் மாஸ்டர். முதலில் தன் பானட்டுக்கு, அடுத்து ஓவர்லாக்கின் இடது கதவுகளுக்கு, பிறகு காலரின் வலது கதவுகளுக்கு, மிச்சம் அக்காவுக்கு, கூட்டுக்கும் மட்கார்டுக்கும் டிக்கிக்கும். கம்பெனியில் ஒரு நூலைக்கூடப் பார்க்காமல் விடாத அக்கா, அன்றைக்குத் தன் டப்பாவுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் முன்னால் லாரி நின்றிருந்தது.

சனிக்கிழமை பாகங்கள் வந்து சேர்ந்தன. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, நோயாளியைத் தூக்கி வருவது போலத் தூக்கி வந்தார்கள். ஷெட்டில் ஒரே ஒரு மஞ்சள் பல்ப். பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். மாட்டுவது லேசாக இருக்கவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்தால் கீல் பொருந்தாது, கீல் பொருந்தினால் கதவு சாத்தாது. சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்தார்கள். கதவு சாத்திற்று, திறக்கவில்லை.

"கையை எடு, கையை எடு!"

"என் கையை எடுத்தா கதவு என் கால்ல விழும்!"

"மாஸ்டர், சும்மா நிக்காம அந்தப் பக்கம் பிடிங்க."

"நான் லெவல் பாக்கறேன்மா."

"லெவல் எங்களுக்குத் தெரியும், வெயிட்டுத்தான் தாங்க முடியல!"

ஒரு கட்டத்தில் அக்கா ஒரு கதவையும் அடுத்த கதவையும் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். எதுவோ உறுத்திற்று. மஞ்சள் வெளிச்சத்தில் ஷேடு பார்க்கக் கூடாது என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "பல்பு ஏமாத்துது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அடுத்த திருகாணியை எடுத்தாள். நாளைக்கு லாரி வருகிறது. வருவதற்குள் முடிக்க வேண்டும். அவசரமாகப் போக வேண்டிய சரக்கு என்று மேனேஜர் சொன்னபோது முறைத்தவள், இன்றைக்குத் தன் சரக்குக்கு அவசரப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் வண்டியைத் தள்ளி வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓவர்லாக்கே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பானட் நடுராத்திரி மாதிரி கறுநீலமாக மின்னியது. இடது கதவுகள் அதைவிட ஒரு படி வெளுப்பு. வலது கதவுகள் இன்னும் வெளுப்பு. அக்கா அடித்த கூரையும் முதுகும் பலமுறை துவைத்த சீருடை மாதிரி வெளிறிக் கிடந்தன. முன்னாலிருந்து பின்னால் நடந்தால் ராத்திரி கழிந்து விடிகிற மாதிரி இருந்தது.

"ஷேடு அடிக்குது" என்றாள் அக்கா. 

"எப்படிம்மா அடிக்கும்? ஒரே டப்பாம்மா!" மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா ஷெட்டுக்குள் போய்க் காலி டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு குச்சியை விட்டாள். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, குச்சி அதில் நட்டுக்கொண்டு நின்றது. நீலம் மேலே மிதந்திருக்கிறது, வெள்ளை அடியில் படிந்திருக்கிறது. மேலாக எடுத்தவருக்கு நீலம், கடைசியில் எடுத்தவளுக்குச் சுண்ணாம்பு.

"கலக்கலையா?" என்று கேட்டாள்.

"கிடக்கட்டும்னு..." மாஸ்டரின் கை இஞ்ச் டேப்பைத் தடவியது.

"எனக்கு ஏன் இவ்வளவு கெட்டியா இருக்குன்னு நெனைச்சேன்" என்றாள் காலர். "தின்னர் ஊத்திக்கிட்டேன்."

"எனக்குத் தண்ணியா ஓடிச்சு. நான் மேல மேல அடிச்சேன். வீட்டுல தனியா வச்சு அடிக்கும்போது பக்கத்துல வச்சுப் பாக்க என்ன இருந்துச்சு? என் கதவு என் கண்ணுக்கு அழகாத்தான் இருந்துச்சு!" ஓவர்லாக் அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். குவளையில் குறையே இல்லை. நாட்டில் பல பங்கீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. குவளையைக் காட்டிச் சமம் என்று சாதிப்பார்கள். டப்பாவை யார் கலக்கினார், யாருக்கு மேல்பாகம் போனது என்று கேட்டால் பதில் இருக்காது.

அழ நேரமில்லை. தெரு முனையில் லாரி திரும்பியது.

தம்பி இறங்கினான். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட நண்பர். தம்பி வண்டியைப் பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், பிறகு சிரித்தான். அடக்க முடியாமல், சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"என்னக்கா இது, சர்க்கஸ் வண்டியா?"

"சிரிச்சு முடிச்சிட்டியா? ஏறு" என்றாள் அக்கா. சாவியைத் திருகினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. தம்பியையும் நண்பரையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி, மேட்டில் ஏறி, மேம்பாலத்தைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். கியர் ஒரு இடத்தில்கூட உரசவில்லை. பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. கறுப்புக் கண்ணாடிக்காரர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "எஞ்சின் பிரமாதம். யாரு மெக்கானிக்?"

"நான்தான்."

"இல்ல, எஞ்சின் வேலை யாருன்னு கேட்டேன்."

"காது கேக்கலையா சார்? நான்தான்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தோளைக் குலுக்கினான். நண்பர் வண்டியின் பக்கம் திரும்பினார். "எஞ்சின் ஓகே. ஆனா இந்த பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்கணும். இப்படியே கொண்டுபோனா மானம் போயிடும்" என்றார் நண்பர். தம்பி யோசித்தான். சுரண்டும் வேலை என்றதுமே அவன் ஆசை இறங்குவது கண்கூடாகத் தெரிந்தது.

"சரிக்கா, நீயே வச்சுக்கோ" என்றான், தாராளமாக. "இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?"

ஓவர்லாக் காலரைக் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தட்டியது, தேய்த்தது, படுத்தது எதுவும் அவளுக்கு இந்த வண்டியைத் தரவில்லை. அசிங்கமாக இருக்கிறது என்பது தந்திருக்கிறது. தம்பிக்கு வேண்டாததுதான் அவளுக்குப் பங்கு.

"அப்ப என் பேருக்கு மாத்திக் குடு" என்றாள்.

"நமக்குள்ள என்னக்கா பேப்பர்? வண்டிதான் உங்கிட்ட இருக்கே."

"இன்னைக்கு இருக்கு. அழகா ஆனப்புறம்?"

"ச்சே, என்னை இவ்வளவுதான் நெனைச்சியா?"

"இரும்புக் கடைக்குப் போடுன்னு சொன்னவனும் நீதான்டா. லாரி கொண்டாந்தவனும் நீதான். நான் எதை நெனைக்கட்டும்?"

அவன் முகம் சுண்டிவிட்டது. "போடறேன் போடறேன், அதுக்கென்ன அவசரம்" என்று சொல்லிக்கொண்டே லாரியில் ஏறினான். அந்த அவசரமில்லாத கையெழுத்துக்காகத்தான் அக்கா இன்னும் காத்திருக்கிறாள்.

வண்டி ஓடுகிறது. கம்பெனி ஷிப்ட் விடும்போது தோழிகளை ஏற்றிக்கொண்டு வருகிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பெட்ரோல் பங்கில், "வீட்டுக்காரர் வண்டியா?" என்று கேட்கிறார்கள். போலீஸ்காரர் நிறுத்திப் பேப்பரைப் பார்த்துவிட்டு, "யாரு பேர்ல இருக்கு? தம்பியா? அவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தீங்களா?" என்கிறார். வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவள், ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று விளக்கம் சொல்கிறாள்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் மாஸ்டர் புது டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "இந்தத் தடவை நான் நாள் முழுக்கக் கலக்கறேன்மா. கை ஒடிஞ்சாலும் சரி. ஒரே நாள்ல சேர்ந்து அடிச்சிடலாம்."

"வேண்டாம் மாஸ்டர்."

"ஏன்மா?"

"அடிச்சா அழகாயிடும். அழகாயிட்டா அவனுக்கு அப்பா ஞாபகம் வந்துடும்."

காலர் சிரித்துவிட்டாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை. நாலு நீலத்தில் ஓடுவதில் அக்காவுக்குச் சந்தோஷம் இருக்கிறதா? ஷேடு பார்த்தே வாழ்ந்த கண் அது. காலையில் ஷெட்டைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசுகிறது. அந்த வண்டியை ஒரே நிறமாக்க அவளுக்குப் பெயின்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறது, இப்போது அறிவும் இருக்கிறது. இல்லாதது ஒரு கையெழுத்து.

பெயர் மாற்றும் படிவத்தை நிரப்பித் தம்பிக்கு அனுப்பிவிட்டாள். அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், கண் தெரியாமல் போய்விடக் கூடாது என்று, சிவப்பு அம்புக்குறி ஒன்றை ஒட்டியிருக்கிறாள். பதில் வரவில்லை. புது டப்பா ஷெட்டின் மூலையில் இருக்கிறது. படிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறாள்.

உங்களுக்கும் ஒரு அக்காவோ தங்கையோ இருக்கலாம். அவள் முதுகு தேய உருவான ஏதோ ஒன்று, வீடோ, கடையோ, வண்டியோ, உங்கள் பெயரில் இருக்கலாம். "நமக்குள்ள என்ன பேப்பர்" என்று நீங்களும் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கலாம். தயவுசெய்து இன்றைக்கே அந்தப் பேப்பரை எடுங்கள். அம்புக்குறிக்காகக் காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுங்கள்.